பார்த்தவுடன் விளங்கும் இணையப் பக்கம்

விதைநெல் எப்போது கொடுக்கப்படும் என்று அறிவதற்காக, அயலவர் ஒருவருடைய மகளின் கைத்தொலைபேசியில் ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். முதலில் தலைவரின் படம் வந்தது. பிறகு அவருடைய வாழ்த்துச் செய்தி. அதன்பின் நிறுவனத்தின் வரலாறு. விரலால் தள்ளித் தள்ளி அடிக்குப் போனபோதுதான், சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்தில் திகதி தெரிந்தது. அது முதல்நாளுடன் முடிந்திருந்தது. அந்தக் காலபோகத்துக்கு அவர் விதைநெல்லைக் கடனுக்கே வாங்கினார்.

ஊரைவிட்டுப் பல இடங்களில் சிதறியிருக்கும் அங்கத்தவர்களுக்கு ஓர் அறிவித்தலைச் சேர்ப்பிக்க இணையப் பக்கம் வசதியான வழி. எமது சங்கங்களுக்கு அதை அமைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் பிள்ளைகளே. ஆகவே எது நல்ல பக்கம் என்று பெரியவர்களும் அறிந்திருப்பது நல்லது. அதற்குக் கணனி படித்திருக்க வேண்டியதில்லை.

மனிதர் இணையப் பக்கத்தைப் புத்தகம் போல வரிவரியாக வாசிப்பதில்லை. 2006இல் யாக்கோப் நீல்சன் என்பவரின் நிறுவனம் 232 பேருடைய கண் அசைவைக் கருவிமூலம் பதிந்து பார்த்தது. மேல் வரிகளில் கண் இடமிருந்து வலமாக ஓடியது. சற்றுக் கீழே இன்னொரு தரம் பாதிவரை ஓடியது. அதன்பின் இடப்பக்க ஓரத்தோடு இறங்கிவிட்டது. எனவே என்ன, எப்போது, எங்கே, எதைக் கொண்டுவர வேண்டும் என்பன முதல் வரிகளிலேயே இருக்க வேண்டும். தலைவரின் படம் கீழே இருக்கட்டும். அவர் கோபிக்க மாட்டார் என்று நம்புவோம்.

திகதியை 'வரும் செவ்வாய்' என்று எழுதக் கூடாது. சுவரில் ஒட்டிய அறிவித்தலை மழை கரைத்துவிடும். இணையப் பக்கம் வருடக்கணக்காகக் கிடக்கும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள்.

இனி எழுத்து. எங்களிடையே பாமினி என்ற எழுத்துரு நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அதில் 'அம்மா' என்று தட்டினால், கணனி உள்ளே பதிந்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளையே. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அந்தக் குறிகள்தான் தெரியும். ஒருங்குறி, அதாவது யுனிகோட், முறையில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. பெயரைத் தட்டித் தேடவும் முடியும். பயனாளிகளின் பெயர்ப்பட்டியலைப் படம் பிடித்துப் போடுவது இன்னொரு பிழை. 400 பெயர்களுக்குள் தன் பெயரைத் தேடும் வயோதிபத் தாயை நினைத்துப் பாருங்கள். படத்துக்குள் இருக்கும் பெயரைப் பெரும்பாலான தொலைபேசிகளில் தட்டித் தேட இயலாது.

படங்களின் பாரமும் கவனிக்க வேண்டியது. இந்தக் கட்டுரையின் எழுத்து முழுவதும் ஏறக்குறைய 15 கிலோபைட்தான். தொலைபேசியில் எடுத்த ஒரு படம் 3 மெகாபைட் இருந்தால், அது இப்படியான 200 கட்டுரைகளுக்குச் சமன். டேட்டாவுக்குச் செலவழிப்பவர் வாசகரே. தேவையான படத்தையும் 100 அல்லது 150 கிலோபைட்டுக்குச் சுருக்கிப் போடலாம். 1991இல் ரிம் பேர்னேர்ஸ்-லீ உலகுக்கு அறிமுகப்படுத்திய முதலாவது இணையத்தளத்தில் படமே இல்லை. தலைப்பு, சில வரிகள், வேறு பக்கங்களுக்குப் போகும் இணைப்புகள், அவ்வளவுதான்.

வரம்பை வெட்டி வயலைப் பெருப்பிக்கப் பார்ப்பவரைப் போல, சிலர் பக்கம் முழுவதையும் எழுத்தால் நிரப்புவர். ஓரத்திலும் பந்திகளுக்கு இடையிலும் வெற்றிடம் விட்டால்தான் கண் தரித்து நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு ஓரங்களையும் நேராக்க முயன்றால் சிறிய திரையில் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். வெள்ளையில் கறுப்பு எழுத்தே வெய்யிலில் நின்று பார்ப்பவருக்கு உகந்தது. மஞ்சளில் வெள்ளை எழுத்து நிழலிலும் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் உண்டு. ஆதலால் 'சிவப்பில் உள்ளவர்கள் வரவும்' என்று மட்டும் எழுதாமல் சொல்லாலும் குறிப்பிடுங்கள்.

இணைப்புகளில் 'இங்கே அழுத்தவும்' என்று எழுதுவதைவிட 'விதைநெல் விண்ணப்பப் படிவம்' என்று எழுதுவது மேல். அழுத்தினால் எங்கே போவோம் என்பது அப்போதுதான் தெரியும். அழுத்தும் இடம் விரல் அகலத்துக்காவது இருக்கட்டும். மண்வெட்டி பிடித்த விரல் அது.

பக்கத்தை வெளியிடுமுன் அதை முன்பு பார்க்காத ஐந்து பேரிடம், ஒருவர் பின் ஒருவராக, தொலைபேசியைக் கொடுங்கள். ஒருவராவது கண்ணாடி போட்டு வாசிப்பவராக இருக்கட்டும். 'எப்போது போக வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும்?' என்று மட்டும் கேளுங்கள். வழி காட்ட வேண்டாம். பக்கத்தில் நின்று அவரது விரல் எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். திருத்த வேண்டிய இடம் அதுதான்.