யானைக் கணக்குக்குப் புள்ளியிடுதல்

கணிதம் என்றதும் பெற்றோர் முதலில் கேட்பது "விடை சரியா?" என்பதுதான். பரீட்சைத் தாளுக்கு அந்தக் கேள்வி போதும். ஆனால் இயற்கைச் சூழலில் உள்ள ஒரு பிரச்சினைக்கு மாணவிகள் கணித மாதிரியுரு அமைத்துக் கொண்டுவரும் ஒப்படைகளை மதிப்பிட உட்காரும்போது அந்தக் கேள்வி எனக்கு உதவுவதில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இல்லாத கணக்கு அது. "அப்படியானால் எதைப் பார்த்துப் புள்ளி போடுகிறீர்கள், டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்காக, உண்மையான ஒரு கணக்கையே எடுத்து விளக்குகிறேன்.

மாதிரியுரு என்பது பெரிய சொல்லாகத் தோன்றினாலும் விஷயம் எளிது. சட்டை தைப்பவர் துணியில் கத்தரி வைக்குமுன் கடதாசியில் வெட்டிப் பார்க்கிறார் அல்லவா? அதுபோல, உண்மையில் செய்து பார்க்க முடியாத ஒன்றை எண்களில் செய்து பார்ப்பதுதான் இது. கடதாசி தவறினால் நட்டமில்லை. துணி தவறினால் நட்டம்.

அமெரிக்காவின் கோமாப் என்ற அமைப்பு உலகெங்கும் உள்ள மாணவர்களுக்கு மாதிரியுருப் போட்டிகளை நடத்துகிறது. மூன்று பேர் கொண்ட குழு, சில நாள் அவகாசம், ஒரே ஒரு பிரச்சினை. 2000ஆம் ஆண்டு வந்த பிரச்சினைகளில் ஒன்று யானைகளைப் பற்றியது. தென்னாபிரிக்காவின் பெரிய தேசிய பூங்கா ஒன்றில் 11,000 யானைகள். அதற்கு மேல் போனால் காடு தாங்காது என்று ஆண்டுதோறும் 600 முதல் 800 யானைகள் வரை சுட்டோ வேறிடம் கொண்டுபோயோ குறைக்கப்பட்டன. சுடுவதை மக்கள் எதிர்த்தனர். அதற்குப் பதிலாகப் பெண் யானைகளுக்கு இரண்டு ஆண்டுகள் கருத்தரிக்காதபடி ஊசி எய்யலாமா, எத்தனை யானைக்கு எய்ய வேண்டும் என்பதே கேள்வி.

தரப்பட்ட தரவுகள் சில: ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமம். பெண் யானை 10 முதல் 12 வயதுக்குள் முதலில் கருத்தரித்து, ஏறத்தாழ 60 வயது வரை சராசரியாக மூன்றரை ஆண்டுக்கொரு குட்டி ஈனும். பிறந்த குட்டிகளில் 70 முதல் 80 சதவீதம் முதலாண்டைத் தாண்டும். அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு உயிர் பிழைக்கும் வீதம் "95 சதவீதத்துக்கு மேல்".

பென்சிலை எடுங்கள். இலகுவுக்காக ஆயிரம் யானைகள் என்று வைப்போம். பெண் 500. அதில் குட்டி ஈனும் வயதில் 300 என்பது என் எடுகோள். 300ஐ மூன்றரையால் வகுத்தால் ஆண்டுக்கு 86 குட்டிகள். முக்காற்பங்கு பிழைத்தால் 64. இப்போது இறப்பைக் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் இறந்தால் 50. மிச்சம் 14 யானைகள் கூடும். 2 சதவீதம் இறந்தால் 44 கூடும். 1 சதவீதம் என்றால் 54.

"95க்கு மேல்" என்ற சின்னச் சொற்றொடர் எவ்வளவு பெரிய இடைவெளியை ஒளித்து வைத்திருக்கிறது பாருங்கள்! கூட்டம் பெருகாமல் நிற்க, 5 சதவீத இறப்பில் 300 தாய் யானைகளில் 66 அளவுக்குக் கருத்தடை போதும். 2 சதவீத இறப்பிலோ 207 வரை வேண்டும். ஒரே கணக்கு, மூன்று மடங்கு வித்தியாசம்.

நான் அதிகப் புள்ளி வைத்திருப்பது இந்த இடத்துக்குத்தான். பல ஒப்படைகளில் பிள்ளைகள் 95 என்றோ 97 என்றோ ஓர் எண்ணைத் தெரிந்து, அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் கணினியில் அழகான வரைபுகளாகப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். அதைவிட, இரண்டு மூன்று எண்களை வைத்துப் பார்த்து, விடை எப்படி ஆடுகிறது என்று காட்டும் பிள்ளை ஒரு படி மேல். அதற்கும் மேல் இன்னொரு படி உண்டு. பூங்காவில் ஆண்டுக்கு 600 முதல் 800 வரை குறைத்தும் கூட்டம் 11,000 அளவிலேயே நின்றது என்று பிரச்சினையிலேயே இருக்கிறதே! ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் அது 55 முதல் 73. எங்கள் மூன்று விடைகளில் அதற்குக் கிட்ட வருவது 54 மட்டுமே. ஆகவே இறப்பு 1 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும், அல்லது எங்கள் எடுகோள்களில் ஒன்று பிழை. தன் விடையைத் தெரிந்த ஓர் உண்மையோடு உரசிப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு சூத்திரம் எதுவும் தேவையில்லை. சாதாரண தரப் பிள்ளைக்கும் முடியும்.

அந்தப் போட்டியின் கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. 300 முதல் 25,000 வரை யானைகள் உள்ள வேறு ஆபிரிக்கப் பூங்காக்களுக்கும் உங்கள் மாதிரியுரு பொருந்துமா என்று கேட்டார்கள். அதே கேள்வியை நாம் ஆபிரிக்காவைத் தாண்டிக் கேட்டால்? கொடகவெலயிலிருந்து எம்பிலிப்பிட்டிப் பாதையில் போய் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் உடவளவை இருக்கிறது. 1972இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட, ஏறத்தாழ 308 சதுர கிலோமீற்றர் பரப்பு. விடுமுறைக்கு உறவினர் வந்தால் யானை பார்க்க நாம் போகும் இடம். (மின்வேலிக்கு வெளியே நின்று யானைக்குப் பழம் கொடுப்பதை வாப்பாமார் தயவுசெய்து நிறுத்துங்கள்.)

நமது ஆசிய யானை மூன்றரை ஆண்டுக்கொரு தடவை ஈனுவதில்லை. ஐந்து, ஆறு ஆண்டுகள் எடுக்கும். மேலே உள்ள கணக்கில் மூன்றரைக்குப் பதிலாக 6 போடுங்கள். 50 குட்டிகள், பிழைப்பது 37. இறப்பு 2 சதவீதம் என்றால் 17 கூடும். 5 சதவீதம் என்றாலோ கூட்டம் ஆண்டுக்கு 13 குறையும்! ஆபிரிக்க எண்ணை அப்படியே எடுத்து எழுதும் பிள்ளை, குறைந்துகொண்டு போகும் கூட்டத்தைப் பார்த்து "யானை கூடிவிட்டது, அகற்றுங்கள்" என்று அறிக்கை எழுதிவிடலாம்.

மற்ற எடுகோள்களும் ஆட்டம் காணும். அந்தப் பூங்காவுக்குள் யானைகள் வருவதும் போவதும் மிகக் குறைவு, சட்டவிரோதக் கொலை புறக்கணிக்கத்தக்கது என்று எடுத்துக்கொண்டார்கள். இங்கே யானைகள் பூங்காவுக்கு வெளியேயும் நடமாடுகின்றன. 1995இல் தொடங்கிய உடவளவை யானைக்குட்டிகள் இல்லம் தாயிழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுகிறது. அதுவும் கூட்டலில் வர வேண்டும். கழித்தலோ பயங்கரமானது. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 5,879 யானைகள். 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன, பெரும்பாலும் மனிதக் கையால். அதே ஆண்டு யானைகளால் இறந்த மனிதர்கள் 100க்கு மேல். 400ஐ 5,879ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7 சதவீதம். இதில் குட்டிகளின் இறப்பும் சேர்ந்திருக்கும், எட்டு வருட இடைவெளியும் உண்டு. ஆகவே இதை நேராக நம் சமன்பாட்டில் போட முடியாது. ஆனாலும் இலங்கைக்கு "95க்கு மேல்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது என்பதற்கு இது போதும். ஒரு மாணவி இந்த எண்ணையும் எழுதி, அதை ஏன் நேராகப் பாவிக்கக் கூடாது என்பதையும் எழுதினால், அவளுடைய கடைசி விடை என்னவாக இருந்தாலும் நான் தாராளமாகப் புள்ளி போடுவேன்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டுப் பிரச்சினையில், கணிதம் படிக்காத பூங்கா நிருவாகிகளுக்கு விளங்கும்படி ஓர் அறிக்கையும் கேட்டார்கள். நம் பிள்ளைகள் இதைக் கடைசி இரவில் அவசரமாக எழுதுவதால், பத்துப் பக்க நல்ல வேலை அரைப் பக்கத்தில் கெட்டுவிடுகிறது. உம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள், அவர் "அப்ப எத்தனை யானைக்கு ஊசி? அது பிழைச்சா என்ன ஆகும்?" என்று கேட்டு, உங்களால் தாளைப் புரட்டாமல் பதில் சொல்ல முடிந்தால் அறிக்கை தயார். பளபளக்கும் உறை, நிறப் படங்கள், வாப்பா கடையில் கட்டிக்கொண்டு வந்த சுருள் பைண்டிங் ஆகியவற்றுக்கு என் புள்ளித்தாளில் நிரல் இல்லை. எடுகோள்களுக்கு மட்டும் இரண்டு நிரல்கள் உண்டு: எழுதினாளா என்று ஒன்று, மாற்றிப் பார்த்தாளா என்று மற்றொன்று.