உருவும் நிறமும் சொல்லும்: எகிப்தியரின் தாயத்துகள்

பண்டைய எகிப்தியர் தாயத்தை வெறும் அணிகலனாகக் கருதவில்லை. உருவம், செய்பொருள், நிறம், அதற்குரிய மந்திரம் ஆகியவை ஒன்றுகூடும்போது அது அணிந்தவரைக் காக்கும் ஆற்றல் பெறுகிறது என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை.

உயிருடன் இருப்போர் பரவலாக அணிந்தவற்றுள் ஒன்று 'வெஜாத்' எனப்படும், ஹோரஸ் தெய்வத்தின் கண். சேத் என்னும் தெய்வத்துடன் நடந்த போரில் சிதைந்த ஹோரஸின் கண்ணை அறிவின் தெய்வமான தோத் குணமாக்கியதாகப் புராணம் கூறுவதால், அவ்வுருவம் இழந்த நலத்தை மீட்டுத் தருவதன் அடையாளமாயிற்று. கருவுற்ற பெண்களோ, தன் குட்டியைக் காக்கச் சீறும் நீர்யானையின் உருவில் அமைந்த தவெரெத் தெய்வத்தின் தாயத்தை நாடினர்.

நிறத்துக்கும் பொருள் உண்டு. பச்சை தளிர்ப்பையும் புத்துயிரையும், சிவப்பு குருதியையும் உயிர்த்துடிப்பையும் குறித்தன. விலையுயர்ந்த கற்களை வாங்க இயலாதோர்க்கு ஃபயன்ஸ் கைகொடுத்தது. படிகக்கல் தூளுடன் சிறிதளவு சுண்ணாம்பும் காரமும் சேர்த்து அச்சில் அழுத்திச் சுடப்பட்ட இப்பொருளுக்குச் செம்புச் சேர்மம் பளபளக்கும் நீலப்பச்சை நிறத்தைத் தந்தது.

இறந்தோருக்குரிய தாயத்துகளே இந்நம்பிக்கையின் ஆழத்தை நன்கு உணர்த்துகின்றன. சாண உருண்டையை உருட்டிச் செல்லும் வண்டில், நாள்தோறும் புதிதாய் எழும் காலைக் கதிரவனாகிய கெப்ரியை எகிப்தியர் கண்டனர். ஆகவே வண்டு மறுபிறப்பின் சின்னமாயிற்று. அவ்வடிவில் பெரும்பாலும் பச்சை அல்லது கருமை சார்ந்த கல்லில் செதுக்கப்பட்ட 'இதய வண்டு' இறந்தவரின் மார்பில் வைக்கப்பட்டது. மறுமையின் தீர்ப்பு மன்றத்தில், உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகுக்கு எதிராக இதயம் நிறுக்கப்படும்போது, அது தன் உடையவருக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடாது என்று வேண்டும் மந்திரம் அதன் அடிப்புறத்தில் பொறிக்கப்பட்டது. 'இறந்தோர் நூல்' எனப்படும் மந்திரத் தொகுப்பு, மறுமையின் தெய்வமான ஒசிரிஸின் முதுகெலும்பாகக் கருதப்பட்டு உறுதியைக் குறித்த 'ஜெத்' தூணைப் பொன்னிலும், 'தியெத்' எனப்படும் ஐசிஸ் தெய்வத்தின் முடிச்சைச் சிவப்பு ஜாஸ்பர் கல்லிலும் செய்ய வேண்டும் எனச் செய்பொருளையும் வரையறுத்தது.

இறந்தோரைத் தாயத்துகளால் காத்த இவ்வழக்கத்துக்கு, 1922இல் தொல்லியலாளர் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறை சிறந்த சான்று. 1925இல் அம்மன்னரின் உடலைச் சுற்றியிருந்த துணிகள் பிரிக்கப்பட்டபோது, அவற்றின் அடுக்குகளுக்கிடையே தாயத்துகளும் அணிகளுமாக நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன; கழுத்துப் பகுதியில் மட்டும் பல தாயத்துகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்தன. உடல் அழியாமல் நின்றால்தான் மறுவாழ்வு கிட்டும் என நம்பிய மக்களுக்கு, தாயத்து அவ்வுடலின் காவலாகவே விளங்கியது.