கரிச் சுரங்கம் சென்ற பட்டதாரிகள்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஒரு கொரியக் கம்பெனி மோட்டார் கார்களை உற்பத்தி செய்து வருகிறது. நம்மவர் பல ஆயிரம் பேருக்கு அதனால் பிழைப்பு. இன்று ஊருக்கெல்லாம் வேலை கொடுக்கும் அதே கொரியா, ஒரு காலத்தில் தன் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க வகையின்றித் தவித்தது என்றால் நம்ப முடிகிறதா?

1950 முதல் 1953 வரை நடந்த யுத்தம் அந்த நாட்டைச் சுடுகாடாக்கியிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் தென் கொரியாவில் ஓர் ஆளின் ஆண்டு வருமானம் சுமார் 100 டாலர்தான். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது.

அதே சமயம் மேற்கு ஜெர்மனியில் நிலைமை நேர்மாறு. தொழில்கள் பெருகின, சுரங்கத்தில் இறங்கத்தான் ஆள் இல்லை. 1963-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மூன்றாண்டு வேலை, பிறகு ஊர் திரும்ப வேண்டும்.

காய்ப்பு இல்லாத கைகள்

சுரங்கத்தையே கண்டிராத பட்டதாரிகளும் விண்ணப்பம் போட்டார்கள். உழைத்துக் காய்த்த கை என்று காட்டுவதற்காக, உள்ளங்கையைக் கரியில் தேய்த்துக்கொண்டு தேர்வுக்குப் போனவர்களும் உண்டு என்பார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் முதல் கோஷ்டி விமானம் ஏறியது. 1977 வரை சுமார் 8,000 சுரங்கத் தொழிலாளர்களும் 10,000-க்கு மேற்பட்ட நர்ஸ்களும் சென்றனர்.

பாதாளத்தில் வெப்பம், புரியாத பாஷை. சிலர் விபத்தில் மாண்டு, ஊர் திரும்பவே இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பலருக்கு முதலில் கிடைத்ததோ, தரை துடைக்கும் வேலையும் நோயாளியைக் கழுவும் வேலையும்.

1964 டிசம்பரில் ஜனாதிபதி பார்க் சுங் ஹீ ஹாம்போர்ன் சுரங்கத்திற்கு வந்தார். தேசிய கீதம் பாடத் தொடங்கியவர்களின் குரல் விம்மலில் அடங்கியது. ஜனாதிபதியும் கண் கலங்கினார்.

வியர்வையின் விலை

பத்தாண்டுகளில் இவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 10 கோடி டாலருக்கு மேல். 1964-ல் அந்நாட்டின் மொத்த ஏற்றுமதியே சுமார் 12 கோடி டாலர்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். தம்பியின் படிப்பும், தங்கையின் கலியாணமும், வீட்டுக் கடனும் இந்தப் பணத்தில் நடந்தன.

இதனால் மட்டுமே நாடு உயர்ந்துவிட்டது என்பது மிகை. நிலச் சீர்திருத்தம், கல்வி, அமெரிக்க உதவி, 1965 உடன்படிக்கையின்படி ஜப்பான் தந்த பணம், ஏற்றுமதித் தொழில்கள் எல்லாம் சேர்ந்தே கொரியாவை உயர்த்தின. வெளிநாட்டுச் சம்பளம் குடும்பத்தைக் காப்பாற்றும். நாட்டைக் காப்பாற்ற, உள்ளூரில் ஆலையும் பள்ளியும் எழ வேண்டும். கொரியாவில் அவை எழுந்தன.

எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஜெர்மனியில் வேலை சுருங்கியது. "போதும், புறப்படுங்கள்" என்ற நிலை வந்தபோது நர்ஸ்கள் அடங்கிப் போகவில்லை. கையெழுத்து இயக்கம் நடத்தி, தங்கி வாழும் உரிமையைப் பெற்றார்கள். வேண்டும்போது அழைக்கவும் வேண்டாதபோது அனுப்பவும் தாங்கள் சரக்கல்ல என்பதே அவர்கள் வாதம்.

சக்கரம் சுழன்றது

இன்று கொரியாவுக்கு ஆள் தேவை. 2004 முதல் ஒரு தனித் திட்டத்தின் கீழ் நேபாளம், வியட்நாம், கம்போடியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் அங்கே போகிறார்கள். கொரியர் செய்ய விரும்பாத அழுக்கான, அபாயமான வேலைகள் அவர்கள் தலையில் விழுகின்றன. முதலாளியைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்குச் சுதந்தரம் இல்லை. 2024 ஜூனில் ஹ்வாசோங் நகர பேட்டரித் தொழிற்சாலை ஒன்றில் தீப்பிடித்தபோது மாண்டவர் 23 பேர். அவர்களில் 18 பேர் அயல்நாட்டார்.

ஜெர்மனி சென்று திரும்பியவர்களுக்காகக் கொரியாவின் தென்கோடியில் நாம்ஹே தீவில் ஒரு கிராமமே அமைத்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க ஜனங்கள் கூடுகிறார்கள். அன்று போனவர்களை இப்படிப் போற்றுகிற நாடு, இன்று வருகிறவர்களை எப்படி நடத்துகிறது என்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது.