முயலாமலே குறையும் எடை

உணவுக்கட்டுப்பாடோ உடற்பயிற்சியோ இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அதை மருத்துவர்கள் காரணம் தேடவேண்டிய அறிகுறியாகக் கருதுகின்றனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 3 கிலோ. முதியவர்கள் இளைத்தால் வீட்டார் உடனே கவலைப்படுகிறார்கள். இருபதுகளில் இருப்பவர் இளைத்தால் வேலை அலைச்சல், தூக்கமின்மை, கண் திருஷ்டி என்று ஏதாவது சொல்லி நாளைக் கடத்திவிடுவது வழக்கம்.

மலேசியாவின் ஜொகூரில் அலைச்சல் என்பது உண்மையான காரணமாகவும் இருக்கக்கூடும். ஸ்கூடாய், மாசாய், கூலாய் போன்ற இடங்களிலிருந்து ஏராளமான இளைஞர்கள் அன்றாடம் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புபவர் காலை உணவைக் கைவிடுவதும், இரவு வேலையில் பசி நேரம் மாறிப்போவதும் இயல்பு. ஆனால் நேரத்துக்குச் சாப்பிடத் தொடங்கியும் எடை ஏறாவிட்டால், அல்லது தொடர்ந்து இறங்கினால், அலைச்சலை மட்டும் காரணம் காட்ட முடியாது.

காரணத்தைத் தேடும் மருத்துவர் முதலில் கேட்பது பசியைப் பற்றி. நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது ஒரு வகை. சாப்பாடே பிடிக்காமல் இளைப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறு வேறு.

நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பவரிடம், குறிப்பாகத் தமிழரிடம், முதலில் பார்க்கவேண்டியது இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு. இன்சுலின் போதாதபோது இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் செல்கள் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மிஞ்சிய சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறுகிறது. உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துச் சமாளிக்கிறது. ஓயாத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், சோர்வு, மங்கலான பார்வை ஆகியவை எடைக்குறைவோடு சேர்ந்து வரும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. மற்ற இனங்களைவிட இது அதிகம். 2023ஆம் ஆண்டின் ஆய்வில், நீரிழிவு கொண்ட 18 முதல் 29 வயதினரில் 84 விழுக்காட்டினர் தமக்கு நோய் இருப்பதை அறியாமலே இருந்தனர்.

பருமனானவர்களுக்கு மட்டும் வருவதல்ல நீரிழிவு. ஒல்லியான இளைஞருக்கு முதல் வகை நீரிழிவு சில வாரங்களிலேயே முற்றிவிடக்கூடும். தாகத்தோடு வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மயக்கம் ஆகியவை சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

பசியெடுத்தும் இளைப்பதற்கு அடுத்த காரணம் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதுவும் நடுத்தர வயதுக்கு முன்பு, இது அதிகம் வருகிறது. நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, வெயில் தாங்காமை, மாதவிடாய் மாற்றம், கழுத்தின் முன்புறம் வீக்கம், கண் பிதுங்குதல் ஆகியவை அடையாளங்கள். ஒரே இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும், மாத்திரையில் கட்டுப்படும்.

பசி குறைந்து இளைப்பவர்களிடம் மலேசியாவில் மறக்கக்கூடாதது காசநோய். நாட்டில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் இந்நோய் பதிவாகிறது. குழந்தைப் பருவத்தில் போட்ட பிசிஜி ஊசி பெரியவர்களுக்கு முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் இரத்தம் ஆகியவை இருந்தால் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் தேவை. கழுத்துக் கட்டியாகவோ குடலிலோ வரும் காசநோயில் இருமலே இல்லாமலும் போகலாம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்துவோருக்கு நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

எச்ஐவி தொற்றும் நீண்ட காலம் வெளியே தெரியாமல் இருந்து எடைக்குறைவாகத் தலைகாட்டலாம். மருந்தை ஒழுங்காக எடுப்பவர் இயல்பான ஆயுளோடு வாழ முடிகிறது. எனவே சோதனைக்குத் தயங்குவதுதான் ஆபத்து.

வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, மலத்தில் இரத்தம் ஆகியவற்றோடு எடை குறைந்தால் குரோன் நோய், பெருங்குடல் புண் போன்ற குடல் அழற்சிகளைச் சந்தேகிக்க வேண்டும். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு, இவை மலேசிய இந்தியர்களிடையே மற்றவர்களைவிட அதிகம் எனக் காட்டியது. மலத்தில் இரத்தம் என்றதும் மூலம் என்று தாமே முடிவுகட்டி நாட்டு மருந்து தேடுவோர் மாதக்கணக்கில் காலத்தை இழக்கின்றனர்.

புற்றுநோய் இருபதுகளில் அரிது. ஆயினும் நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயின் ஒரு வகை இளம் வயதிலும் அதிகம் தோன்றுகிறது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியற்ற கட்டி வாரக்கணக்கில் கரையாமல் இருந்தால் காட்டிவிட வேண்டும்.

உடலில் நோய் தென்படாதபோது மனத்தையும் பார்க்க வேண்டும். மனச்சோர்வு பசியையும் தூக்கத்தையும் சேர்த்தே பறிக்கும். உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தில் சாப்பாட்டை ஒதுக்குவதும், உண்டதை வாந்தியெடுப்பதும் சிகிச்சை தேவைப்படும் நோய்கள். சியாபு போன்ற போதைப்பொருள்கள் பசியை அடக்கிச் சில மாதங்களில் ஆளை உருக்குலைக்கின்றன. மனநலத்துக்கு ஜொகூரில் தம்போய் பெர்மாய் மருத்துவமனை 1937 முதல் இயங்கிவருகிறது; 15555 என்ற ஹீல் எண்ணில் சுகாதார அமைச்சின் ஆலோசகரிடம் பேசலாம்.

இவற்றையெல்லாம் கண்டறிய முதலிலேயே பெரிய மருத்துவமனை தேவையில்லை. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மலேசியக் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம். மருத்துவர் நோய் வரலாற்றைக் கேட்டு உடலைச் சோதித்தபின், தேவைக்கேற்ப இரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், எச்ஐவி, சிறுநீர், மலம், நெஞ்சு எக்ஸ்ரே என்று பார்ப்பார். வெறும் வயிற்றில் சர்க்கரை லிட்டருக்கு 7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்பது நீரிழிவின் எல்லைக்கோடு. மேற்கொண்டு ஆராய வேண்டியிருந்தால் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் போன்ற மருத்துவமனைகளின் நிபுணர்களிடம் அனுப்புவார்கள். முதற்கட்டச் சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தால் கடும் நோய்க்கு வாய்ப்புக் குறைவு; அப்போதும் சில மாதம் எடையைக் கண்காணித்து மீண்டும் போய்க் காட்டவேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது பழைய எடையும் இப்போதைய எடையும், எப்போது குறையத் தொடங்கியது, பசி எப்படி, என்னென்ன மருந்து, சத்துமாவு, மூலிகை சாப்பிடுகிறோம் என்பதையும் எழுதி எடுத்துச்செல்வது நல்லது. மேலே சொன்ன நோய்களில் பெரும்பாலானவற்றைக் குணப்படுத்தலாம் அல்லது கட்டுக்குள் வைக்கலாம்; அதற்கு அவற்றை முன்கூட்டியே கண்டுபிடிப்பது முக்கியம்.