வெள்ளைக்கு வந்த வாழ்வு

வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1502இல் வரைந்த முயல் இருக்கிறது. அடியில் நீர்த்த பழுப்புப் பூச்சு. அதன்மேல் குவாஷ் எனும் ஒளி ஊடுருவாத கெட்டி வண்ணத்தில், ரோமம் ரோமமாக இழுத்த கோடுகள். மீசை மயிரில் வெள்ளை வண்ணம். நீர்வண்ணமும் குவாஷும் ஒரே தாளில் சேர்வது அவ்வளவு பழைய வழக்கம்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது பெரிய வழக்காகவே ஆனது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்றால் தாளின் வெள்ளைதான். வெள்ளை வண்ணத்தைத் தொட்டவன் குறுக்கு வழியில் போகிறவன் என்றது ஒரு கூட்டம். வெளிச்சம் வேண்டிய இடத்தில் பூச்சைக் கத்தியால் சுரண்டலாம், குற்றமில்லை. ஆங்கில ஓவியர் டர்னர் நகத்தாலேயே சுரண்டியவர். நீலத் தாளில் பிரெஞ்சு ஆற்றங்கரைகளை வரைந்தபோது அவருக்கும் குவாஷ் தேவைப்பட்டது. நீலத் தாளில் வெள்ளைக்கு எங்கே போவது?

பழைய ஈய வெள்ளையில் நிஜமாகவே ஒரு கோளாறு இருந்தது. காற்றிலுள்ள கந்தக வாயு பட்டால் நாளடைவில் கறுத்துவிடும். 1834இல் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் துத்தநாகத்தில் செய்த ‘சைனீஸ் ஒயிட்’டைக் கொண்டுவந்ததும் அந்தப் பயம் போயிற்று. எகிப்தியக் காட்சிகளை நுணுக்கி வரைந்த ஜான் ஃபிரெடரிக் லூயிஸ் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். 1857இல் கலை விமர்சகர் ரஸ்கின் தன் பாடப்புத்தகத்தில், எண்ணெய் ஓவியம் முறையானதென்றால் வெள்ளை கலந்து வரைவதும் முறையானதே என்று வாதாடினார்.

இன்று அமெரிக்க நீர்வண்ணச் சங்கத்தின் கண்காட்சிக்குக் குவாஷையும் அனுப்பலாம். ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்துக்கென்றே தனிச் சங்கமும் அங்கே உண்டு. நம்மூரில் குவாஷ் விலை கட்டுப்படியாகாதவர்களுக்குப் போஸ்டர் கலர் புட்டி கைகொடுக்கிறது.

இந்த வெள்ளை எவ்வளவு உதவும் என்பதற்குக் கூந்தலில் மல்லிகைச் சரம் வரைவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒவ்வொரு மொட்டுக்கும் இடம் விட்டு, சுற்றிலும் கறுப்பைப் பூச வேண்டும். இப்போது கூந்தலை முழுதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, மேலே மொட்டுகளை வைத்துவிடலாம். வெள்ளை கெட்டித் தயிர் பதத்தில் இருக்க வேண்டும். நீர்த்தால் கறுப்பின் மேல் நீலம் பாய்ந்த சாம்பலாகத் தெரியும். ஒரே வீச்சில் தூரிகையை எடுத்துவிட வேண்டும். தேய்த்தால் அடிப்பூச்சு கரைந்து மேலே வந்துவிடும். நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும், குவாஷின் வெளிர் நிறங்களோ காய்ந்தால் சற்றுக் கருக்கும். அதனால் ஈரத்தில் பொருந்திய நிறம் காய்ந்தபின் பொருந்தாது.

பழைய கட்டுப்பெட்டிகள் சொன்னதிலும் நியாயம் உண்டு. நீர்வண்ணத்தில் ஒளி பூச்சைத் துளைத்து, தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. வெள்ளை கலந்தால் அந்த வழி அடைபடும். இப்போது வருகிற படங்கள் பலவற்றில் கண், மூக்கு, இலை, குடம் என்று எல்லாவற்றிலும் வெள்ளைப் பொட்டு. அதில் பாதியைத் தாளே பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டையும் சேர்த்து வரைகிறவர்களும் வண்ணத்தட்டு, தண்ணீர்க் குவளை இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். குவாஷ் கழுவிய தண்ணீரில் தோய்த்த தூரிகையால் நீர்வண்ணம் பூசினால் வானம் சுண்ணாம்படித்தது போலாகிவிடும்.