காவல் நாய்க்கு ஒரு சிறு கதவு

ஆடுகளைக் காப்பதற்காக நாய் வளர்ப்பவர்களில் பலர், இரவில் அந்த நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுபவர்களும் உண்டு. தெருநாய்க் கூட்டம் பட்டியில் புகும்போது இந்த நாயால் குரைக்கத்தான் முடியும். வீட்டுக்காரர் எழுந்து வருவதற்குள் இரண்டு மூன்று ஆடுகள் கடிபட்டுவிடும்.

திருப்பூர் மாவட்டம் காங்கயம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் தெருநாய்களால் ஆடுகளை இழந்த விவசாயிகள், இழப்பீடு கேட்டு 2025-ல் போராட வேண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டம் மண்ணூர் போன்ற கிராமங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆலைகளும் உணவுக் கடைகளும் பெருகிய இடத்தில், கொட்டும் எச்சில் சோற்றை நம்பித் தெருநாய்களும் பெருகும். ஆகவே, காவல் நாய் தானாகவே வெளியே வரவும் உள்ளே போகவும் ஒரு சிறு கதவு வைப்பது நல்லது. செலவு மிகக் குறைவு. இரண்டு வாரப் பொறுமைதான் தேவை.

எங்கே வைப்பது?

நாய் படுக்கும் இடத்திற்கும், ஆடு அடைக்கும் வேலிக்கும் நடுவே உள்ள சுவரில் அல்லது தட்டியில் வைக்க வேண்டும். சாலைப் பக்கம் வைக்கவே கூடாது. லாரிகள் ஓடும் சாலையில் நாய் அடிபடும். ஊர் நாய்களோடு சேர்ந்து திரியவும் பழகிவிடும்.

அளவு

நாயின் தோள் உயரத்தை அளந்து, அதற்கு 2 அங்குலம் மேலே திறப்பின் மேல்விளிம்பு இருக்கட்டும். அகலம், மார்பின் அகலத்தைவிட 2 அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். 20 அங்குல உயரமுள்ள நாட்டு நாய்க்கு, தரையிலிருந்து 6 அங்குலம் விட்டு, 16 அங்குல உயரமும் சுமார் 10 அங்குல அகலமும் உள்ள திறப்பு பொருத்தமாகும். ராஜபாளையம் போன்ற உயரமான இனங்களுக்கு இது போதாது. தரையை ஒட்டித் திறப்பு வைத்தால் மழை நீர் உள்ளே வரும்.

கடையில் விற்கும் கதவு தேவையில்லை. பழைய டிராக்டர் டியூபை அறுத்து, மேல்விளிம்பில் மட்டும் அடித்துத் தொங்கவிடலாம். இரு பக்கமும் தாராளமாக அசைய வேண்டும். ஆணி முனையும் கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

பழக்கும் முறை

முதல் மூன்று நாட்கள் டியூபை மேலே சுருட்டிக் கட்டிவிட வேண்டும். நாய் பசியோடு இருக்கும் நேரத்தில், ஒருவர் ஒரு பக்கம் நாயோடு நிற்க, மற்றவர் மறுபக்கம் இருந்து தீனியைக் காட்டிக் கூப்பிட வேண்டும். வேகவைத்த முட்டைத் துண்டு போதும். "வா" என்றால் எப்போதும் "வா" என்றே சொல்ல வேண்டும். ஆளுக்கொரு சொல் கூடாது. நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

தயங்காமல் நுழையத் தொடங்கியதும், டியூபுக்குப் பதில் ஒரு மெல்லிய துணியைப் பாதி அளவுக்குத் தொங்கவிடலாம். அது பழகியபின் முழுத் துணி. அதன்பிறகே டியூபை இறக்க வேண்டும். முதலில் டியூபைக் கையால் சற்றுத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி வர, நாய் தானே மூக்கால் தள்ளக் கற்றுக்கொள்ளும்.

நாயைப் பிடித்துத் தள்ளுவதும், கழுத்தைக் கட்டி இழுப்பதும் காரியத்தைக் கெடுத்துவிடும். டியூப் ஒருமுறை முதுகில் பட்டென அடித்தாலும் பயம் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் மீண்டும் துணியிலிருந்து தொடங்க வேண்டும். குட்டிகள் சில நாட்களில் பழகும். வயதான நாய்க்கு மூன்று வாரமும் ஆகலாம். பகலில் நன்றாகப் பழகிய பிறகு, இருட்டிலும் சில நாள் பழக்க வேண்டும்.

மறக்கக் கூடாதவை

கதவு வைத்தாயிற்று என்று வேலியைக் கவனிக்காமல் விடக்கூடாது. ஒற்றை நாய் ஒரு கூட்டத்தை வெல்ல முடியாது. கூட்டம் வேலிக்கு வெளியே இருக்கும்போதே பாய்ந்து குரைத்து ஆளை எழுப்புவதுதான் அதன் வேலை.

நாய்க்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று என்று தவறாமல் போட வேண்டும். இறந்த ஆட்டின் தலையையும் ஈரலையும் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது. அவற்றிலுள்ள புழுக்கட்டிகள் நாயின் குடலில் நாடாப்புழுவாகி, அதன் சாணத்தின் வழியே மீண்டும் ஆடுகளைத் தாக்கும். கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுத்து வர வேண்டும்.

மனிதரை நாய் கடித்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வைத்துக் காலம் கடத்தினால் உயிருக்கு ஆபத்து. கடிபட்ட ஆட்டின் காயத்தையும் கையுறை அணிந்து அவ்வாறே கழுவி, அன்றே கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும்.