நினைவின் நெசவு

வந்தவாசிக்கு அருகிலுள்ள தெள்ளார், முற்காலத்தில் தெள்ளாறு என வழங்கப்பெற்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் இங்குப் பகைவரை வென்றான். அதனால் ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’ எனப் போற்றப்பெற்றான். பல்லவர் மரபில் நந்திவர்மன் என்னும் பெயருடையோர் ஒருவருக்கு மேற்பட்டோர் உண்டு. அவர்களுள் இவனைப் பிரித்தறிய இவ்வூர்ப் பெயரே துணைநிற்கிறது. பெயரோடு இடமும் நிகழ்ச்சியும் இணையும்போது நினைவு உறுதி பெறுகிறது என்பதற்கு இஃது எளிய சான்று.

நினைவாற்றல் பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்க்கும் வரம் என்று பலர் எண்ணுகின்றனர். ஒருமுறை படித்தது மறந்துவிட்டால், ‘எனக்குப் படிப்பு வராது’ என்று மாணவர் சிலர் தாமே தீர்ப்பெழுதிக் கொள்கின்றனர். அத்தீர்ப்பு பிழையானது. நினைவாற்றல் பயிற்சியால் வளர்வது.

அவதானக் கலை

ஒரே நேரத்தில் பல செயல்களில் கருத்தைச் செலுத்தி, அவற்றை நினைவில் நிறுத்தி விடையளிக்கும் கலை அவதானம் எனப்படும். எட்டுச் செயல்களை நிகழ்த்துவது அட்டாவதானம், பத்து, தசாவதானம், நூறு, சதாவதானம். குமரி மாவட்டம் இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் அறிஞர் பலர் முன்னிலையில் நூறு செயல்களை நிகழ்த்திக் காட்டிச் ‘சதாவதானி’ என்று பாராட்டுப் பெற்றார். அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்பதே பொருள். கவனத்தில் பதியாதது நினைவில் தங்காது என்பதை அக்கலையின் பெயரே உணர்த்துகிறது.

காட்சியும் தொடர்பும்

செருமானிய உளவியலாளர் எபிங்காசு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே ஆய்வுக்கு உட்படுத்தினார். 1885ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். பொருளுள்ள செய்யுளைக் கற்க, பொருளற்ற அசைகளுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு முயற்சியே போதுமானதாக இருந்தது. தனித்து நிற்பது விரைவில் மறைகிறது. தெரிந்த ஒன்றோடு பிணைந்தது நிலைக்கிறது. ஒரு செய்யுளின் இறுதியை அடுத்த செய்யுளின் தொடக்கமாக்கும் அந்தாதி, இத்தொடர்பு முறைக்குத் தமிழ் தந்த சிறந்த வடிவம்.

தெரிந்த இடங்களில் காட்சிகளை நிறுத்தி நினைவுகூரும் முறையைப் பண்டைய கிரேக்கரும் கையாண்டனர். அம்முறையை ஆரணி வட்டாரத்து நெசவாளர் வீடொன்றில் பொருத்திப் பார்க்கலாம். எட்டுத்தொகை நூல்களை வரிசை மாறாமல் நினைவில் கொள்ள வேண்டும் எனக் கொள்வோம்.

வாசலில் நல்லதொரு திண்ணை: நற்றிணை. திண்ணையின் மேல் குறுகிய நூல்களின் தொகுப்பு: குறுந்தொகை. நடையில் ஐந்து சிறு நூற்கண்டுகள்: ஐங்குறுநூறு. தறியருகே பத்துப் பத்தாக அடுக்கிய பத்து அட்டைக் கட்டுகள்: பதிற்றுப்பத்து. தறியில் நெய்யப்படும் சேலையில் ஒரு பரி வாய்திறந்து பாடுகிறது: பரிபாடல். அடுக்களையில் பாத்திரங்களின் பேரொலி. கலி என்றால் ஒலி: கலித்தொகை. வீட்டின் உள்ளறை: அகநானூறு. கொல்லைப்புறம்: புறநானூறு.

மனத்தால் ஒருமுறை வாசலிலிருந்து கொல்லைவரை நடந்தால் எட்டு நூல்களும் முறையாக வந்து நிற்கும். குதிரை பாடுவது போன்ற வியப்பான காட்சி எளிதில் மறப்பதில்லை. அவரவர் தம் வீட்டையே களமாகக் கொள்வது இன்னும் நன்று.

கருவியும் பயனும்

சக்கார்டு கருவி பொருத்திய தறியில் துளையிட்ட அட்டைகள் சேலையின் வடிவத்தைத் தாங்கி நிற்கின்றன. எந்த இழை உயர வேண்டும் என்பதை அத்துளைகளே அறிவிக்கின்றன. ஆயினும் அட்டை சேலையாகாது. பாவும் ஊடும் சேர்ந்தால்தான் பட்டு உருவாகும். காட்சி முறையும் அத்தகையதே. திண்ணை என்னும் படம் நற்றிணையின் பெயரை நினைவூட்டும். திணை என்பதன் பொருளைக் கற்பிக்காது. திண்ணையும் திணையும் வேறு. நூலைப் பயின்று பொருளுணர்வதே கல்வி; காட்சி, அதை வேண்டும்போது எடுத்துத் தரும் கருவி.

கற்றதை அன்றிரவே நூலைப் பாராமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தல் வேண்டும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் சொல்லிப் பார்க்க வேண்டும். விடுபட்ட இடத்தில் காட்சியைத் திருத்தி அமைத்துக் கொள்ளலாம். அறுந்த இழையைக் கண்ட நெசவாளர் தறியை விட்டு எழுந்து போவதில்லை. இழையைப் பிணைத்து நெசவைத் தொடர்கிறார். மறதியும் அறுந்த ஓர் இழையே.